டீசல் என்பது ஒரு மனிதனின் பெயர்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமுள்ள ஒரு கராஜில் போன மாதம் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சைக்கிளுக்குக் கிளச் கேபிள் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என் வேலை. ஆனால் எனக்கு முன்னால் ஒரு பழைய டொயோட்டா கொரோலா நின்றது. 2சீ என்று எல்லோரும் சொல்லும் 2 லீற்றர் டீசல் எஞ்சின். அதைக் கொண்டுவந்த தம்பி ஹயருக்கு ஓடுபவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போனால் கார் இழுக்குதில்லை, பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டிவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

கராஜ்கார அண்ணை மறுத்துவிட்டார். டீசலைக் கூட்டுவது ஒரு ஸ்குரூவைத் திருகுகிற வேலைதான், ஆனால் கூட்டின டீசல் எரிவதற்குக் காற்றை எங்கேயிருந்து எடுப்பது என்று திருப்பிக் கேட்டார். பின்னால் கறுப்பாகப் போகிற புகை எரியாமல் போகிற காசு என்றார். அதோடு நிற்காது, சூடு ஏறி ஹெட் கஸ்கெட்டையும் கொண்டுபோகும்.

எனக்கு இது புதிதல்ல. என் சித்தப்பா ஒரு பழைய வான் வைத்து ஹயர் ஓடியவர். எங்கோ ஒரு கராஜில் அந்த ஸ்குரூவைத் திருகிக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் வான் பறந்தது. பிறகு நுவரெலியாவுக்குப் போகிற வழியில் றம்பொடை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஹெட் வளைந்துபோனது. அந்த வருடம் எங்கள் வீட்டில் அடகுக்குப் போன சங்கிலி அதற்காகத்தான் போனது.

அண்ணை வேலை செய்துகொண்டிருக்கும்போது, டீசல் என்றால் யார் தெரியுமா என்று தம்பியிடம் கேட்டேன். யார் என்று கேட்கிறீர்களா, என்ன என்று கேட்கிறீர்களா என்று அவர் குழம்பினார். பிழை அவரிடம் இல்லை. நானும் பல்கலைக்கழகம் போகும்வரை அதை எண்ணெயின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். 90களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எங்களுக்கு அது கிடைக்காத ஒரு பொருளின் பெயர். அப்பா தன் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டுவார். புகை வரும், இழுவை இராது, ஆனாலும் ஓடும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய இரவில் எங்கள் சாமான்களை ஏற்றியது அயலவரின் லாண்ட்மாஸ்டர். அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்குள் எந்த எண்ணெய் இருந்ததோ தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது.

ருடோல்ஃப் டீசலுக்கு அது நடந்தபோது பன்னிரண்டு வயது.

அவர் 1858 மார்ச் 18 ஆம் திகதி பாரிஸில் பிறந்தவர். தகப்பன் தியோடோர், ஜேர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த புத்தகம் கட்டும் தொழிலாளி. பாரிஸில் தோல் சாமான்கள் செய்து விற்றார். தாய் எலிஸ் நியூரன்பேர்க்காரி. பெரிய வசதி இல்லை. தகப்பன் செய்த தோல் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளரின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மகனின் வேலை. அவன் படித்தது பிரெஞ்சில், பேசியது பிரெஞ்சில். பாரிஸ்தான் அவனுடைய ஊர்.

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜேர்மன்காரர் எல்லோரும் ஒரே நாளில் எதிரிகளானார்கள். அந்த ஆண்டு செப்ரெம்பரில் டீசல் குடும்பம் தொழிலையும் வீட்டையும் விட்டு லண்டனுக்கு ஓடியது. அங்கே எல்லோருக்கும் சாப்பாடு போடுவதற்கே வழியில்லை. போர் முடியமுன்னரே பெற்றோர் ருடோல்ஃபைப் பிரித்து அவுக்ஸ்புர்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே சிறிய தாயும், கணிதம் படிப்பித்த சிறிய தகப்பன் கிறிஸ்தோப் பார்னிக்கலும் இருந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த ஐரோப்பாவைக் கடந்து அந்தப் பையன் தனியாகவே அங்கே போய்ச் சேர்ந்தான். பிள்ளையைப் படிப்புக்கென்று சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னர் வருடக்கணக்கில் கடிதத்தில் மட்டும் பார்த்த பெற்றோரை எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு காணலாம். அதை நான் விரித்து எழுதத் தேவையில்லை.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். பதினான்கு வயதில் தான் பொறியியலாளராகப் போவதாகப் பெற்றோருக்கு எழுதினான். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்து, புலமைப்பரிசில் பெற்று 1875 இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான். அங்கே அவனுக்குப் படிப்பித்தவர் குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பேர்போன கார்ல் வொன் லிண்டே. இறுதிப் பரீட்சை நேரம் நெருப்புக் காய்ச்சல் வந்து எழுத முடியாமல் போனது. அடுத்த பரீட்சை வரும்வரை சுவிற்சர்லாந்தின் வின்ரத்தூரில், சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்போது வாழ்கிற அதே வின்ரத்தூர்தான். 1880 ஜனவரியில் மிகச் சிறந்த புள்ளிகளோடு பட்டம் பெற்றுக்கொண்டு, தான் துரத்தப்பட்ட பாரிஸுக்கே லிண்டேயின் ஐஸ் இயந்திர வேலைக்குத் திரும்பினார். 1883 இல் மார்த்தா பிளாஷேயை மணந்தார். மூன்று பிள்ளைகள்.

அவரை அலைக்கழித்த கேள்வி வேறு. அந்தக் காலத்து நீராவி எஞ்சின், போட்ட நிலக்கரியில் பத்தில் ஒரு பங்களவைத்தான் வேலையாக மாற்றியது. மிச்சம் வீண். அதோடு நீராவி எஞ்சின் பெரிய முதலாளிக்கே கட்டுப்படியாகும். கொதிகலனும் புகைபோக்கியும் வைக்கத் தோல் வேலை செய்யும் ஒரு குடும்பத்தால் முடியுமா? தன் தகப்பனைப் போன்ற சிறு கைத்தொழிலாளரின் பட்டறையில் வைக்கக்கூடிய, குறைந்த எண்ணெயில் ஓடும் சின்ன எஞ்சின் ஒன்று வந்தால், பெரிய ஆலைகளோடு அவர்களும் போட்டி போடலாம் என்பது டீசலின் எண்ணம். அவரைப் பற்றி வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இன்று அவர் பெயரைக் கேட்டால் லொறியும் கப்பலும் ரயிலும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் தொடங்கியது சின்ன எஞ்சினை நினைத்து.

முதலில் அமோனியா ஆவியில் ஓடும் எஞ்சினை முயன்றார். அது வெடித்து அவரை மாதக்கணக்கில் வைத்தியசாலையில் படுக்கவைத்தது. பிறகு வந்த யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். மிகக் கடுமையாக அமுக்கினால், உள்ளே விழும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. 1892 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு அது கிடைத்தது. அவுக்ஸ்புர்க் இயந்திரத் தொழிற்சாலையின் பணிப்பாளர் ஹைன்ரிச் வொன் பூஸும் குருப் நிறுவனமும் பணம் போட்டன.

1893 ஓகஸ்ட் 10 ஆம் திகதி முதன்முதலாக எரிபொருளை விட்டுப் பார்த்தபோது, அமுக்கத்தை அளக்கும் கருவி சிதறித் துண்டுகள் பறந்தன. டீசல் மயிரிழையில் தப்பினார். ஆனால் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றும் என்பது உறுதியாகிவிட்டது. 1894 பெப்ரவரி 17 இல் எஞ்சின் தன் பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1897 பெப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதை முறைப்படி அளந்தார். போட்ட எண்ணெயில் 26.2 வீதம் வேலையாக வந்தது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் கிட்டவும் வரவில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். சிலிண்டர் ஒன்று, அதன் கொள்ளளவு ஏறத்தாழ 19.6 லீற்றர். உயரம் 3 மீற்றர், பாரம் நாலரைத் தொன். கொடுத்த வலு 18 குதிரைவலுவுக்கும் சற்றுக் குறைவு. லீற்றருக்கு ஒரு குதிரைவலுகூட இல்லை. தோல் தைக்கும் பட்டறைக்குள் அதை வைப்பதென்றால் முதலில் பட்டறையை இடிக்க வேண்டும்.

ஏன் சின்னதாக்க முடியவில்லை? எண்ணெயைச் சிலிண்டருக்குள் தூவ, டீசல் இன்னொரு அமுக்கிய காற்றைப் பயன்படுத்தினார். அதற்கென்று தனியாக ஒரு கொம்பிரசர். அது பாரமானது, விலை கூடியது, எஞ்சின் கொடுத்த வலுவில் ஒரு பகுதியைத் தானே தின்றது. கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் இது பொறுக்கும், வண்டிக்குப் பொறுக்காது. 1908 அளவில் சின்ன எஞ்சின் ஒன்றைச் செய்து லொறியிலும் போட்டுப் பார்த்தார். வியாபாரமாக அது எடுபடவில்லை.

பணம் என்னவோ கொட்டியது. அமெரிக்காவில் செயின்ற் லூயிஸ் நகரத்து பியர் முதலாளி அடோல்பஸ் புஷ் மட்டும் அமெரிக்க உரிமைக்கு 10 இலட்சம் மார்க் கொடுத்தார். 1898 இல் தன் உரிமைகள் முழுவதையும் ஒரு கம்பனிக்கு 35 இலட்சம் மார்க்குக்கு மாற்றினார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். எண்ணெய்க் கிணறுகளிலும் காணிகளிலும் போட்ட காசு போனது. காப்புரிமை வழக்குகள், ஓயாத தலையிடி, நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் என்று அவர் உடைந்துகொண்டே போனார். எஞ்சினைத் திறமாகக் கணக்குப் பார்த்தவருக்குக் காசைக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1903 இல் தொழிலாளர் தாங்களே காசு சேர்த்துத் தொழிற்சாலைகளை நடத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 10,000 பிரதி அச்சிட்டு, விற்றது சில நூறுதான்.

1900 பாரிஸ் கண்காட்சியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சின்ன டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெய்யில் ஓடவிட்டார்கள். நிலக்கடலை விளையும் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளை மனதில் வைத்து பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்ட பரிசோதனை அது. எஞ்சின் வித்தியாசமே காட்டாமல் ஓடியதால் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. கப்பலில் எண்ணெய் வராவிட்டாலும் தன் தோட்டத்தில் விளைவதை ஊற்றி ஓடலாம் என்பதில் டீசலுக்குப் பிறகும் நம்பிக்கை இருந்தது. தடைக் காலத்து யாழ்ப்பாணத்தையும், 2022 இல் நாள்கணக்கில் வரிசையில் நின்ற லாண்ட்மாஸ்டர்களையும் பார்த்த எனக்கு அதை வாசித்தபோது சற்று நேரம் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. (ஆனால் இதை வாசித்துவிட்டு யாரும் பழைய கொரோலாவுக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அந்தப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசல்தான் வழுக்கெண்ணெய்யும்கூட. மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும். 2022 இல் அப்படித் தேய்ந்த பம்புகள் சிலதை அண்ணை இன்னும் மூலையில் போட்டு வைத்திருக்கிறார்.)

சின்ன எஞ்சினுக்கு வலு வந்தது வேறு ஆட்களால். டீசலின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, 1909 இல், ஜேர்மனியில் பென்ஸ் நிறுவனத்தின் புரோஸ்பர் லொறாஞ்ச் சிலிண்டருக்கு மேலே ஒரு சின்ன முன்னறை வைத்து, எண்ணெய் அதற்குள் எரியத் தொடங்கும்படி செய்யலாம் என்று காட்டினார். பெரிய கொம்பிரசரின் தேவை இல்லாமல் போக அது வழி திறந்தது. 1927 இல் பொஷ் நிறுவனம் துல்லியமான எண்ணெய்ப் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1936 இல் மேர்சிடிஸ் 260டி என்ற டீசல் கார் வந்தது. 2.6 லீற்றரில் 45 குதிரைவலு.

அடுத்த பெரிய பாய்ச்சல் காற்றில். அண்ணை தம்பியிடம் கேட்ட அதே கேள்விக்கு விடை தேடியவர் அல்பிரட் பூஹி. வின்ரத்தூரில் பிறந்து, டீசல் வேலை பழகிய அதே சுல்சரில் வேலை செய்தவர். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையில் இன்னும் பலம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தால் வெளிக் காற்றை அமுக்கி உள்ளே திணித்தால், அதே சிலிண்டருக்குள் கூடுதல் எண்ணெயை முழுதாக எரிக்கலாம். நாங்கள் டேர்போ என்கிறோமே, அதுதான். 1905 இல் காப்புரிமை எடுத்தார். வெற்றி 1925 இல்தான். அதன்பின் இரண்டு ஜேர்மன் கப்பல்களில் பொருத்தியபோது 1,750 குதிரைவலு எஞ்சின்கள் 2,500 கொடுத்தன.

கார்களுக்கு இது வர இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. 80களின் வொல்க்ஸ்வாகன் கோல்ஃப் நல்ல உதாரணம்: 1.6 லீற்றர் டீசல், டேர்போ இல்லாமல் 54 குதிரைவலு, டேர்போவோடு 70. அமுக்கிய காற்று சூடாகி விரியும் என்பதால் அதை இடையில் குளிர்விக்கும் இன்டர்கூலர், எண்ணெயை மிகக் கடும் அழுத்தத்தில் தூவும் கொமன் ரெயில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ரெனோவின் 1.5 லீற்றர் டீசல் எஞ்சினிலிருந்து 110 குதிரைவலு எடுத்திருக்கிறார்கள். டீசலின் 19.6 லீற்றரை நினைத்துப் பாருங்கள்.

தம்பியின் 2சீக்கும் டேர்போ பூட்டின அண்ணன் ஒன்று உண்டு, 2சீ-ரீ. அந்த டேர்போவைக் கழற்றி இதில் பூட்டலாமா என்று தம்பி கேட்டார். பூட்டலாம், ஆனால் பிஸ்டனும் எண்ணெய் வழியும் குளிர்விக்கும் ஏற்பாடும் அதற்கென்று செய்தவை, அதையெல்லாம் மாற்றுகிற காசுக்கு வேறு எஞ்சினே போடலாம் என்றார் அண்ணை. பிறகு ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினார். வீதிப் புழுதி கொட்டியது. நொசில் நான்கையும் எடுத்துச் சோதித்தார். இரண்டு தூவவில்லை, ஒழுகின. அவற்றை மாற்றி, வால்வ் இடைவெளி பார்த்து, பம்பின் நேரத்தைச் சரிசெய்தார். எஞ்சின் தனக்கென்று வைத்திருந்த வலு திரும்பி வந்தது. அதற்குமேல் அவர் தொடவில்லை.

டீசலின் கதையில் மிச்சம் இருப்பது ஓர் இரவு.

1913 அளவில் அவர் ஏறத்தாழ வங்குரோத்து. வெளியே யாருக்கும் தெரியாது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அவருடைய எஞ்சின் தேவைப்பட்டது. பிரான்ஸ் ஏற்கெனவே பயன்படுத்தியது, ஜேர்மன் கடற்படையும் அந்த ஆண்டு அதற்கு மாறியது. செப்ரெம்பர் 29 மாலை, இங்கிலாந்தில் ஒரு புதிய எஞ்சின் தொழிற்சாலை தொடர்பான வேலைக்காக, அன்ற்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். கூட வந்த இரண்டு நண்பர்களோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். காலை 6.15 க்கு எழுப்பும்படி சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது. தொப்பியும் மேலங்கியும் பின் தளத்துக் கைப்பிடிக் கம்பியோரம் கிடந்தன. வயது 55.

பத்து நாள் கழித்து டச்சுப் படகொன்று கடலில் ஒரு சடலத்தைக் கண்டது. அது மிகவும் பழுதடைந்திருந்ததால், உடுப்பிலிருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு சடலத்தைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரைச் சிமிழ், பணப்பை, அடையாள அட்டை, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு. அவை தகப்பனுடையவை என்று இளைய மகன் ஒயிகன் அடையாளம் காட்டினார். தற்கொலை என்றார்கள் பலர். கடன் அதற்குச் சாட்சி. பயணத்துக்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உள்ளே காசும், கணக்குகள் வெறுமையாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. ஜேர்மன் இரகசியப் பொலிஸ் கொன்றது என்றும், எண்ணெய்க் கம்பனிகள் கொன்றன என்றும் கதைகள் வந்தன. எதையும் எவரும் நிரூபிக்கவில்லை. பத்து மாதத்தில் முதலாம் உலகப் போர் வந்தது. அவருடைய எஞ்சின் நீருக்கடியில் கப்பல்களைத் தேடிப் போனது.

கிளச் கேபிள் மாற்றி முடிய மாலையாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் 2017 பெப்ரவரியில் வந்து உட்கார்ந்த கந்தசுவாமி கோயிலடியைத் தாண்டித்தான் போக வேண்டும். மார்த்தா டீசலுக்கு ஐந்து சாமான்கள் கிடைத்தன. கல்லறை கிடைக்கவில்லை. ஒயிகன் பின்னர் பல வருடம் செலவழித்துத் தகப்பனின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். நான் கோயிலடியில் வண்டியை நிறுத்தவில்லை. முன்னால் போன கொரோலாவின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே போனேன். கறுப்பு இல்லை.